பூஜையில் இருந்த கம்ப்யூட்டர்

கல்யாண மண்டபத்து மேனேஜர் ஏகாம்பரத்துக்குக் குரல் பெரிசு, காது சிறிசு. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏய் முத்துப்பேச்சி!" என்று கத்தினார்.

கூட்டிக்கொண்டிருந்த முத்துப்பேச்சி இடுப்புப் பிள்ளையோடு வந்து நின்றாள். ராத்திரியெல்லாம் பிள்ளை தூங்கவிடவில்லை, கண் எரிந்தது.

"ஒரு பெரிய கம்பெனியிலேர்ந்து மெயில் வந்திருக்கு. நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர் முழுக்க வைரஸாம். அவங்க சாஃப்ட்வேரை உடனே வாங்கிப் போடலேன்னா எல்லாம் அழிஞ்சிடுமாம். நீ ஈரத்துணியால துடைச்சதுதான் காரணம். இல்லேன்னு நிரூபி. முடியலையா, நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

பணம் கட்டும் பட்டனுக்கு மேலே அவர் விரல் நின்றது. முத்துப்பேச்சி பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"வைரஸ் இருக்கறது அவங்களுக்கு எப்படித் தெரியுமாம் சார்?"

"இந்த நிமிஷம் உள்ளே ஓடறதைப் பார்த்தோம்னு போட்டிருக்கான். பெரிய கம்பெனிக்காரன் பொய் சொல்லுவானா?"

"அப்ப ஒரு எட்டு பூஜை ரூமுக்கு வாங்க சார்."

அங்கே சாமி படத்துக்கு முன்னால், அரிவாள்மணைக்கும் ஜல்லிக்கரண்டிக்கும் நடுவில், சந்தனம் குங்குமத்தோடு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. நேற்று அவரே பிடுங்கிச் சுருட்டிய ஒயர் அதன் தலைமேல் அப்படியே இருந்தது.

"கரண்டே இல்லாத பெட்டிக்குள்ளே எந்த வெளிச்சத்துல பார்த்தாங்களாம் சார்?"

ஏகாம்பரம் மெயிலை அழித்தார். "சரி சரி, போய்க் கூட்டு" என்றார், சிறிசாகிப் போன குரலில்.

மண்டபம் முழுக்க நேற்றைய பொரி சிதறிக் கிடந்தது.

"இதைக் கூட்டித் தரேன்னு எவனும் மெயில் போடமாட்டேங்கிறானே" என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே முத்துப்பேச்சி விளக்குமாற்றை எடுத்தாள்.