குன்றுகிரி மலை ஹில்

கூழையூருக்கு ஒரே ஒரு மலை. சாலையோரத்தில் அந்தப் பச்சைப் பலகை முளைக்கும்வரை யாரும் அதை எண்ணிப் பார்த்ததில்லை. பலகையில் 'குன்றுகிரி மலை ஹில்' என்று எழுதியிருந்தது.

பூவலிங்கம் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அங்கே வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டரிடம் அர்த்தம் கேட்டார்.

"குன்று, கிரி, ஹில், எல்லாமே மலைதாங்க" என்று சொல்லி விசிலை ஊதினார் கண்டக்டர்.

பூவலிங்கம் விரல் மடக்கினார். நாலு வந்தது. நிமிர்ந்து பார்த்தார். ஒன்றுதான் நின்றது. மலையடிவாரத்தில் குடியிருப்பவர் அவர்தானே!

"மூணு மலை களவு போயிருக்கே! வாசல்ல இருந்ததைப் பறிகொடுத்துட்டுக் குறட்டை விட்டிருக்கேனே, என்னைப்போல மடையன் உண்டா!"

"அப்படிச் சொல்லாதீங்க மாமா" என்று தேற்றினான் அக்கா மகன் சடையாண்டி. "நாங்க என்ன உங்களுக்குக் குறைஞ்சவங்களா?"

ஊர் கூடியது.

"வண்டித் தடமே இல்லையே, எப்படிக் கொண்டுபோனான்?" என்றான் மாசானம்.

"கடைசி மலையை இழுத்துத் தடத்தை அழிச்சிருப்பான்" என்றார் பூவலிங்கம். "விவரமானவன். நல்லதா மூணைப் பொறுக்கிக்கிட்டு, வெறும் கல்லா இருக்கறதை நமக்கு விட்டிருக்கான்."

"பாரத்தோட ரொம்ப தூரம் போயிருக்க மாட்டான். மேல ஏறிப் பார்ப்போம்" என்றான் சடையாண்டி.

எல்லோரும் மலை ஏறினார்கள். உச்சியில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். வயல் தெரிந்தது, ரோடு தெரிந்தது, ஊரும் தெரிந்தது.

சடையாண்டிக்கு முகம் வெளுத்தது. "மாமா... நம்ம மலையையும் காணோம்!"

"நாம ஏறுற நேரம் பார்த்துத் தூக்கிட்டான்! காவலுக்கு ஒரு ஆளை வச்சுட்டு வரணும்னு இந்த மரமண்டைக்குத் தோணலையே!" என்று ஓலமிட்டார் பூவலிங்கம்.

அழுதுகொண்டே இறங்கி, திரும்பிப் பார்த்தால் மலை இருக்கிறது.

"நாம அழுததைக் கேட்டு மனசு இரங்கிட்டான்" என்றான் மாசானம்.

"மத்த மூணையும் திருப்பி வச்சிருக்கலாமே?" என்று கேட்டான் சடையாண்டி.

"ஒரே நாள்ல எவ்வளவுதான் தூக்குவான், பாவம்!"

இனி ஏமாறக் கூடாது என்று அன்றைக்கே காவல் போட்டார்கள். உச்சியில் சடையாண்டி, அடிவாரத்தில் பூவலிங்கம்.

சற்று நேரத்தில் மேலேயிருந்து அலறல் கேட்டது. "மாமா! மறுபடியும் காணோம்!"

பூவலிங்கம் பாய்ந்துபோய் ஒரு பாறையை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார். "இங்கதான்டா இருக்கு!"

"அப்ப கெட்டியாப் பிடிச்சுக்குங்க மாமா, நான் இறங்கி வந்து ஏறிக்கறேன்!"