மூன்றாவது வரிசை நாய்

கோதண்டம் சிஷ்யராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. குரு ரெஜினாவுக்கு முப்பத்தாறு. அவர் ரெஜினாவை "மாஸ்டர்" என்பார். ரெஜினா அவரை "சார்" என்பார். வெளியாட்களுக்கு இதில் யார் குரு என்று கொஞ்சம் குழப்பம்தான்.

ரெஜினாவின் தொழில் பொம்மைகளை நடக்க வைப்பது. பொம்மையை ஒரு நெல்மணி அளவு நகர்த்துவார், கேமராவில் ஒரு படம் எடுப்பார். மறுபடி நகர்த்துவார், மறுபடி எடுப்பார். பன்னிரண்டு படம் சேர்ந்தால் திரையில் ஒரு நொடி ஓடும். பற்பொடி விளம்பரத்துக்காகப் பற்களைக் கும்மி அடிக்க வைத்திருக்கிறார். மசாலா விளம்பரத்துக்காக மிளகாயையும் மல்லியையும் சண்டைக்கு விட்டிருக்கிறார். விருகம்பாக்கத்தில் ஒரு பந்தல் சாமான் கிடங்கின் மாடியில் பதினோரு வருடமாக இந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

கோதண்டம் இருபத்தேழு வருடம் ஒரு நாளிதழில் அரசியல் கார்ட்டூன் போட்டவர். ஒருநாள் ஓர் அமைச்சரின் மூக்கை உள்ளபடி வரைந்துவிட்டார். மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. அதற்கடுத்த நாள் அவருடைய கட்டத்தில் ராசிபலன் வந்தது. கோதண்டம் வேலையை விட்டுவிட்டு மாடிப்படி ஏறினார்.

"இந்த வயசுல இதை எதுக்கு சார் கத்துக்கணும்?" என்று ரெஜினா கேட்டார்.

"நாய்களை வெச்சு ஒரு படம் எடுக்கணும் மாஸ்டர். அதைப் பார்த்தா அந்த ஆளுக்கு ஒரு வாய் சோறு இறங்கக் கூடாது."

ரெஜினா அவரிடம் ஒரு கம்பித் துண்டையும் குறடையும் கொடுத்தார்.

"முதல்ல ஒரு வால் பண்ணுங்க" என்றார்.

வால் சரியாக வர மூன்று மாதம் ஆயிற்று. படம் முடிய இரண்டு வருடம் ஆயிற்று. பத்து நிமிடப் படம். நாய்களின் ஊரில் வெள்ளம் வருகிறது. நான்காம் நாள் தண்ணீர் வடிந்த பிறகு தலைவர் நாய் வருகிறது. தோளில் துண்டு, வலது கையில் கடிகாரம், முகத்தில் பாதிக்கு அமைச்சரின் மூக்கு. ஒரு பிஸ்கட்டை ஏழாக உடைத்து ஏழு பேருக்குக் கொடுத்து ஏழு முறை போட்டோ எடுத்துக்கொள்கிறது. பிறகு மேடை நாற்காலியில் போய் உட்காருகிறது. எதிரே இருபத்திரண்டு தெருநாய்கள் மூன்று வரிசையாக நின்று வாலாட்டுகின்றன. கோதண்டம் உயிரைக் கொடுத்தது இந்தக் காட்சிக்குத்தான். தலைவர் நாயின் மூக்குத் துவாரம் விரிவதற்கு மட்டும் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் யாருக்குக் காட்டுவது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. கீழே கிடங்கு வைத்திருந்த ஏகாம்பரம் கட்டடத்துக்குச் சொந்தக்காரர். அமைச்சருடைய கட்சியில் வட்டச் செயலாளர். அமைச்சர் பேசுகிற கூட்டங்களுக்கு நாற்காலியும் தட்டியும் அவர் கிடங்கிலிருந்துதான் போகும். முதல் அடி அவர்மேலேயே விழட்டும் என்று கோதண்டம் நினைத்தார். கத்துவார், மேசையைத் தட்டுவார் என்று எதிர்பார்த்து, உடைகிற சாமான்களை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிட்டார்.

ஏகாம்பரம் படத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணனை அப்படியே எறக்கிட்டீங்க சார். அந்த மூக்கு இருக்குதே, சூப்பர். எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடுங்க, அண்ணனுக்குக் காட்டுறேன். இந்த மாதிரி விஷயம்னா அவரு ரொம்ப ரசிப்பாரு."

"உங்களுக்குக் கோவம் வரலையா?" என்று கோதண்டம் கேட்டார்.

"எதுக்கு சார் கோவம்? அண்ணன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தா நாய்ங்கள வெச்சு ரெண்டு வருசம் படம் எடுப்பீங்க?"

அவர் சிரித்தபடியே இறங்கிப் போனார். படி முடிகிற வரை சிரிப்பு கேட்டது. அவர் ஓர் அறை விட்டிருந்தால்கூடக் கோதண்டத்துக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். உள்ளே எடுத்து வைத்த சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தார்.

ஒரு திரைப்பட விழாவுக்கு அந்தப் படத்தை அனுப்ப இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

"ஏன் மாஸ்டர் கடிக்கல?" என்று கடைசியில் கேட்டார். "எதுல கொறஞ்சுது? மூக்கு பத்தலையா?"

ரெஜினா எழுந்து போய், மேடையில் உட்கார்ந்திருந்த தலைவர் நாயைத் திருகிக் கழற்றினார். மேசை இழுப்பறையில் வைத்து மூடினார்.

"இந்தக் காட்சியை மறுபடி எடுங்க சார்."

"தலைவர் இல்லாமலா?"

"நாற்காலி இருக்கே."

"ஆளே இல்லைன்னா இதுங்க யாரைப் பார்த்து வால் ஆட்டும்?"

"அதுங்களைக் கேளுங்க."

கோதண்டத்துக்குச் சுருக்கென்றது. கூட்டத்தை அவர் எப்படி எடுத்திருந்தார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எல்லா வாலும் இடப்பக்கம் இருக்கிற மாதிரி ஒரு படம், எல்லா வாலும் வலப்பக்கம் இருக்கிற மாதிரி ஒரு படம். அந்த இரண்டையும் மாற்றி மாற்றி ஓட விட்டிருந்தார். இந்தத் தொழிலில் கூட்டம் என்றால் எல்லாரும் செய்வதுதான். தலைவரைப் பார்க்கிற நேரத்தில் கூட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

"இருபத்திரண்டு வால் மாஸ்டர்."

"ஆமா. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு ஆடக் கூடாது."

மறுநாள் காலையில் கோதண்டம் முதல் நாயின் வாலில் கை வைத்தார்.

"இது எதுக்கு சார் ஆட்டுது?" என்று பின்னாலிருந்து ரெஜினா கேட்டார்.

"தெரியல."

"அப்ப தொடாதீங்க."

இப்படித்தான் நாலு வாரம் போயிற்று. ஒவ்வொரு நாயையும் தனித்தனியாக எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். முதல் வரிசை அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஒன்று பிஸ்கட் தின்றிருந்தது. ஒன்று தின்னவில்லை, அடுத்த முறை கிடைக்கும் என்று நம்பியது. ஒரு குட்டி, அம்மா ஆட்டுகிறாள் என்று ஆட்டியது. இரண்டாவது வரிசையில் ஒன்றுக்குப் பயம். இன்னொன்று, போன தலைவருக்கும் இப்படித்தான் ஆட்டியது. அதற்குப் பழக்கம். காரணம் தெரிந்தவுடன் ஒவ்வொரு வாலும் தன் வேகத்தைத் தானே சொல்லிவிட்டது. பயந்த நாயின் வால் காலுக்கு நடுவில் போய் அங்கேயே துடித்தது.

மூன்றாவது வரிசையில் காது கிழிந்த நாய் ஒன்று இருந்தது. ஒரு நாள் முழுக்கக் கோதண்டம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு படம்கூட எடுக்கவில்லை.

அமைச்சர் ஒருமுறை பத்திரிகை அலுவலகத்துக்கு வந்திருந்தார், ஆண்டு விழாவுக்கு. அவர் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். கோதண்டம் எழவில்லை. நாம் எதற்கு எழ வேண்டும் என்று உட்கார்ந்தே இருந்தார். அப்போது ஆசிரியர் திரும்பி அவரைப் பார்த்தார். முறைக்கக்கூட இல்லை, சும்மா பார்த்தார். கோதண்டம் எழுந்தார். கீழே விழுந்த பேனாவை எடுக்க எழுந்த மாதிரி எழுந்தார். பேனா சட்டைப் பையில் இருந்தது. நான் எழுந்திருக்கவே இல்லை என்றுதான் அவர் எல்லாரிடமும் சொல்லிவந்தார். மனைவியிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டிருந்தார். இப்போது ஒரு கம்பளி நாய்க்கு முன்னால் உட்கார்ந்து அவர் வெட்கப்பட்டார். காது மடல் சுட்டது.

மறுநாள் அந்த நாயைப் படம் எடுத்தார். அது தலையைக் குனியவில்லை. நாற்காலியின் பக்கமே பார்க்கவில்லை, எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றது. மற்ற வால்கள் எல்லாம் ஆடி ஓய்கிற நேரத்தில் அதன் வால் மட்டும் கொஞ்சமாக ஆடத் தொடங்கியது. தலைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

ரெஜினா ஓட்டிப் பார்த்தார். "சரி சார்" என்றார்.

நான்காவது வாரக் கடைசியில் ஏகாம்பரம் தன் காப்பியை வாங்கிப் போக ஒரு பென்டிரைவோடு மேலே வந்தார். கோதண்டம் புதுப் படத்தைப் போட்டுக் காட்டினார். ஏகாம்பரம் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு மூக்குக்காகக் காத்திருந்தார். மூக்கு வரவில்லை. வெற்று நாற்காலி வந்தது. அதன் முன்னால் இருபத்திரண்டு வால் ஆடியது.

"மறுபடி போடுங்க" என்றார்.

போட்டார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணன் எங்க சார்?"

"இதுல அவர் வரல."

ஏகாம்பரம் திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்தார்.

"இந்த மூணாவது வரிசை. காது கிழிஞ்சது. இதை எடுத்துடுங்க."

"ஏன்?"

"எடுத்துடுங்க சார். மத்தபடி உங்க இஷ்டம். அண்ணனைத் திரும்பப் போடுங்க, மூக்கை இன்னும் பெருசாக்கூட வையுங்க, நான் ஒண்ணும் கேக்கல. இந்த நாய் வேணாம்." திரையிலிருந்து விரலை எடுத்தார். "எங்க அப்பா காலத்துலேர்ந்து கட்சியில இருக்கேன் சார். ஒருத்தன்கிட்டயும் போய் நின்னது கிடையாது." மேலே பேச வந்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு ரெஜினாவின் பக்கம் திரும்பினார். "ஒண்ணாந்தேதிக்குள்ள எடுத்தாச்சுன்னு சொல்லும்மா. இல்லேன்னா மாடியைக் காலி பண்ணிக் குடுத்துடு."

அவர் இறங்கிப் போனார். கொண்டுவந்த பென்டிரைவை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

கம்ப்யூட்டரில் அந்த ஒரு நாயை அழிக்க அரை மணி நேரம் போதும். கோதண்டத்துக்கு அது தெரியும், ரெஜினாவுக்கும் தெரியும். ரெஜினா மூலையிலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகளை இழுத்துவந்தார். முதல் வரிசையிலிருந்து நாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய துணியில் சுற்றத் தொடங்கினார்.

"என்ன மாஸ்டர் பண்றீங்க?"

"சுத்துறேன் சார். கம்பளியில தூசி பட்டா போகாது."

"பதிமூணு வருஷமா இருக்கற இடம். என் ஒரு நாய்க்காக நீங்க எதுக்குக் காலி பண்ணணும்?"

ரெஜினா இரண்டாவது வரிசைக்கு வந்துவிட்டார்.

"அவர் தப்பா நினைச்சுட்டார் மாஸ்டர். அது அவர் இல்ல. நான் இப்பவே கீழ போய்ச் சொல்லிடறேன். சொன்னா கோவம் போயிடும்."

"அவர் இல்லைன்னா யாருன்னு சொல்லுவீங்க?"

கோதண்டம் கதவு வரைக்கும் போனார். அங்கேயே நின்றார். இத்தனை வருடம் மனைவியிடம்கூடச் சொல்லாததைச் சொல்வதற்கு அவருக்கு நேரம் பிடித்தது.

"அது நான்தான் மாஸ்டர்" என்றார். "அன்னைக்கு ஆபீஸ்ல நான் எழுந்து நின்னேன்."

ரெஜினாவின் கையில் அப்போது காது கிழிந்த நாய் இருந்தது. அதைச் சுற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"அப்படியா சார்? நீங்க என்னைப் பார்த்துதான் அதைப் பண்ணீங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."