கை படாத காசு

ஒரு ஊர்ல ஒரு காசு இருந்துச்சு. ஊரு வேலூரு. காசு, ஆயிரத்தி எண்ணூத்தி அறுபத்திரண்டுல அடிச்ச வெள்ளி ரூபா. ஒரு பக்கம் ராணி தலை.

சந்தையில புழங்கற காசுன்னு நெனச்சுடாதீங்க. அந்தக் காலத்துல காசடிக்கிற ஆலையில, பெரிய துரைங்க பாக்கறதுக்குன்னே நாலஞ்சு மாதிரிக் காசு தனியா அடிப்பாங்களாம். அச்சைத் தேச்சுத் தேச்சு மினுக்கி அழுத்தி எடுப்பாங்க. அதுல மூஞ்சி பாத்துத் தலை சீவலாம், அப்படி மின்னும். ப்ரூஃப் காசுன்னு பேரு. ஒரே ஒரு வம்பு என்னன்னா, கட்டைவிரல் பட்டுச்சுன்னா ரேகை அப்படியே ஒட்டிக்கும். அப்புறம் பழங்காசு சேக்கறவன் எவனும் சீந்த மாட்டான்.

அதனால அதை வச்சிருந்த தணிகாசலம் வெள்ளைக் கையுறை மாட்டிக்கிட்டுத்தான் தொடுவாரு, அதுவும் ஓரத்தை மட்டும். மூச்சுக்காத்து பட்டுடும்னு மூஞ்சியத் திருப்பிக்குவாரு. முப்பது வருசம் இதே கூத்து. பொண்டாட்டி கோமளா பீரோவைத் தொடைச்சாலே கூடவே நின்னு, "பாத்து, பாத்து"ம்பாரு.

காசுக்குத் தலைகனம் தாங்கல. "என்னை யாராச்சும் தொட்டிருக்காங்களா?"ன்னு மூக்கால பேசி, தினம் ஒரு தடவ தான் படுத்திருக்கற வெல்வெட் பெட்டியக் கேக்கும். பெட்டி நல்ல ஜால்ரா. "யாரு தொடறது? தொட்டுட முடியுமா? தொட்டா சும்மா விட்டுருவமா?"ன்னு ஒண்ணுக்கு மூணா பதில் சொல்லும். கையுறை மட்டும் நான் தொட்டிருக்கேனேன்னு இழுக்கும். நீயெல்லாம் கணக்குல இல்லன்னு ரெண்டும் சேந்து அதோட வாய அடைச்சிரும்.

ஒரு நாள் காலையில காபிய ஆத்திக்கிட்டு இருக்கறப்பவே தணிகாசலம் சாஞ்சுட்டாரு. டம்ளர் ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். டாக்டர் வந்து கைய விரிச்சுட்டாரு.

மத்தியானத்துக்குள்ள குளிப்பாட்டி, மாலை போட்டாச்சு. நெத்தியில வைக்க ஒரு ரூபாக் காசு வேணும். அங்கதான் சிக்குச்சு. வந்திருந்த நாப்பது பேரும் பையத் துழாவினா ஒருத்தர்கிட்டயும் காசே இல்ல. எல்லாம் போன்லயே அனுப்பற ஆளுங்க. பக்கத்து மளிகைக் கடையும் சாவுன்னு சாத்தியாச்சு. காசு சேக்கற மனுசன் வீட்ல காசு இல்லியாம்னு யாரோ வாசல்ல முணுமுணுத்தாங்க.

கோமளாவோட தம்பி தேசிங்குக்கு அது சுருக்குன்னு பட்டுச்சு. நேரா போயி பீரோவைத் தொறந்து பெட்டிய எடுத்தான்.

"அக்கா, இதுல ஒரு ரூபான்னு போட்டிருக்கு. வைக்கலாமா?"

கோமளா அதையே பாத்துக்கிட்டு நின்னா. "மாமா இதை யாரையும் தொட விடமாட்டாருடா," ன்னா. அப்புறம் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "அவருக்குத்தானே. வைய்யி," ன்னுட்டா.

பெட்டி அடிச்சுக்குது, தம்பி கையுறையப் போட்டுக்க, ஓரத்தைப் புடி ஓரத்தைன்னு. பெட்டி பேசறது தேசிங்குக்கு எங்க கேக்கும்? வெறுங்கையால எடுத்தான். தூசி இருக்குமோன்னு வேட்டியில நாலு தேய் தேய்ச்சான். கொழைச்ச சந்தனத்தை ராணி மூஞ்சியில அப்பினான். நெத்தியில வச்சு, கட்டைவிரலால ஒரே அழுத்து.

 காசோட வாயி சந்தனத்துக்குள்ள மாட்டிக்கிச்சு. அதுக்குள்ளேருந்தே முனகுச்சு.

"போச்சு. என்னைத் தொட்டுட்டாங்க."

"நானும் இன்னிக்குத்தான் உன்னைத் தொடறேன்," ன்னு அடியிலேருந்து ஒரு குரல். பாத்தா, தணிகாசலத்தோட நெத்தி. "முப்பது வருசமா உன் நெனப்புத்தான் எனக்கு. ராத்தூக்கம்கூட இல்ல."

காசுக்கு அந்த நெலமையிலயும் ஆசை விடல. "தொட்டியே, எப்படி இருக்கேன்?"ன்னு கேட்டுச்சு.



"தெரியலியே," ன்னுச்சு நெத்தி. "எனக்கு இப்ப எதுவும் தெரிய மாட்டேங்குது."

காசு ஆடிப்போச்சு. அப்புறம் வழி நெடுக தப்பட்டை அடிச்சாங்க, பூ எறைச்சாங்க. காசு நெத்தியிலயே குலுங்கிக்கிட்டுப் போச்சு.

சுடுகாட்டுல எரிக்கற வேலை ஏழுமலைக்கு. முகத்தை மூடறதுக்கு முன்னாடி அவரு காசைப் பிரிச்சு எடுத்து, என்ன ஏதுன்னு பாக்காம சட்டைப்பையில போட்டாரு. உள்ள ஒரு பீடிக்கட்டு, ஒரு தீப்பெட்டி.

காசு மெதுவா சட்டைப்பையக் கேட்டுச்சு. "இவரும் சேக்கறவரா? என்னை எங்க வைப்பாரு? வெல்வெட் இருக்கா?"

"வெல்வெட்டா?" பைக்கு ஒண்ணும் புரியல. "நெத்திக்காசு இவருக்குக் கூலியில சேத்தி. இன்னிக்கு வருவே, நாளைக்கு டீக்கடைக்குப் போவே. ஏன், நீ காசுதானே?"

காசுக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. நூத்தி அறுபது வருசத்துல இதை அதுகிட்ட யாருமே சொன்னதில்ல.