முந்நூறு கரடிகளும் போதாத நினைவகமும்

பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் கோமதிநாயகம் அண்ணாச்சி கார்ட்டூன் கம்பெனி நடத்திவந்தார். அவரையும் சேர்த்து மொத்தம் நாலு பேர். படம் வரைய இசக்கிராஜ், வண்ணம் தீட்ட சண்முகவடிவு, சத்தம் சேர்க்க ஞானதுரை. நாலு பேருமே நல்லவர்கள். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். சிக்கலே அதுதான்.

குழந்தைகள் சேனல் ஒன்று இவர்களிடம் கரடிக் கல்யாணம் என்று ஒரு கார்ட்டூன் படம் கேட்டிருந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் முந்நூறு கரடிகள் ஆடவேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் படம் வந்தால் வருஷம் முழுக்க வேலை. வராவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடும். இசக்கிராஜ் ஒவ்வொரு கரடிக்கும் ஒவ்வொரு முடியாக நட்டான். ஆறு மாதம் நட்டான். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாக் கரடியையும் சேர்த்துப் படமாக்கச் சொல்லிப் பொத்தானை அமுக்கினால், கம்ப்யூட்டர் ஒரே ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுபோனது. "நினைவகம் போதாது."

"மறந்துட்டுதோ?" என்றாள் சண்முகவடிவு.

"நேத்துவரைக்கும் எல்லாக் கரடியும் அதுக்குத் தெரியுமே!" என்றான் இசக்கிராஜ்.

"ஒத்தை ஒத்தையா தெரிஞ்சிருக்கும்வே. கூட்டமா வந்து நின்னா யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?" என்றார் அண்ணாச்சி.

கோயம்புத்தூரில் ஜெபசெல்வி என்று ஒருத்தி இருந்தாள். அண்ணாச்சியின் நண்பர் மகள். இந்தத் தொழிலில் கெட்டிக்காரி. போன் போட்டார்கள். அவளுக்கோ அன்றைக்கு மூச்சுவிட நேரமில்லை.

"மெமரி நெரம்பிட்டு அண்ணாச்சி. வேண்டாததையெல்லாம் நினைவுல இருந்து எடுத்துருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நாலு பேரும் பாயை விரித்துக் கண்ணை மூடி உட்கார்ந்து மறக்க ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி பள்ளிக்கூட வாய்ப்பாட்டை மறந்தார். ஞானதுரை தன் வண்டி நம்பரை மறந்தான்.

"அண்ணாச்சி, என் கல்யாணத்துல எங்க மதினி ஒரு சொல்லு சொன்னா. அதை மட்டும் வச்சிக்கிடுதேனே?" என்றாள் சண்முகவடிவு.

"எவ்வளவு இடம் பிடிக்கும்மா?"

"நல்ல பெருசு."

"அப்போ அதையும் விட்டுரு."

அரைமணி நேரம் மறந்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார்கள். அதே வரி. மறுபடி போன்.

"கேமரா பாக்காத எதையும் உள்ள வச்சிருக்காதீங்க. தூக்கிருங்க!" என்றாள் ஜெபசெல்வி.

அந்த ஆபீசில் இருந்த ஒரே கேமரா, திருடனுக்குப் பயந்து வாசலுக்கு மேலே மாட்டியது. அது பார்க்காத பீரோ, தண்ணீர் டிரம், குளியலறை வாளி எல்லாம் படியிறங்கித் தெருவுக்குப் போயின. வேலை முடிந்து வியர்வையைத் துடைக்கும்போது இசக்கிராஜுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணாச்சி, கேமரா கேமராவைப் பாக்குதா?"

அண்ணாச்சி யோசித்தார். "இல்லையே."

கேமராவைக் கழற்றி வெளியே வைத்தார்கள்.

"இப்போ எதைத்தான் பாக்குது?" என்றான் ஞானதுரை.

"ஒண்ணையும் பாக்கல."

அப்படியானால் கம்ப்யூட்டர் உட்பட எல்லாவற்றையும் வெளியே தூக்கவேண்டும். பதினைந்து நிமிடம் விவாதித்துக் கேமராவை மறுபடி மாட்டினார்கள். அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று சண்முகவடிவு எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொங்கவிட்டாள். கம்ப்யூட்டர் அசையவில்லை.

மூன்றாவது போனில் ஜெபசெல்வி சொன்னாள்: "தூரத்துல நிக்கிறவங்களுக்கு முடி எதுக்கு? மொட்டையா இருந்தா யாருக்குத் தெரியப்போவுது?"

இஞ்சு டேப் வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து ஒவ்வொருவர் நாற்காலியாக அளந்தார்கள். ஆகத் தூரம் ஞானதுரை, பதினெட்டு அடி. அவனுக்குத் தலை நிறையச் சுருட்டை முடி. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக வேறு இருந்தான்.

"நான் வேணா கிட்டக்க வந்து உக்காந்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றான், சுருட்டை முடியைத் தடவிக்கொண்டே.

"நீ கிட்டக்க வந்தா இசக்கிராஜ் தூரமாயிருவான். அவன் வந்தா சண்முகவடிவு. யோசிச்சுப் பாருவே, அது பொம்பளப்பிள்ள."

ஞானதுரை யோசித்துப் பார்த்தான். பிறகு தெருமுனை சலூனுக்குப் போனான். அரைமணி கழித்து அவன் மொட்டைத் தலையோடு படியேறி வந்தபோது மற்ற மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். அண்ணாச்சி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதும் அதே வரிதான்.

நாலாவது போன். "ஒரேயடியாப் போடாதீங்க. துண்டு துண்டாப் போடுங்க!"

"குத்தாலத் துண்டா, தேங்காப்பூத் துண்டா?" என்று சண்முகவடிவு கேட்பதற்குள் லைன் போய்விட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டிலும் ஆறாறு வாங்கிவந்து கம்ப்யூட்டர் மேல் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். ஒன்பதாவது துண்டில் உள்ளேயிருந்து பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. பத்தாவதில் சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் அணைந்தே போனது. மணி இரண்டு.

இந்தத் தடவை ஜெபசெல்வியே வீடியோவில் கூப்பிட்டாள். தெருவில் நின்ற பீரோவையும், கண்ணாடி பார்க்கும் கேமராவையும், பன்னிரண்டு துண்டுகளையும், ஞானதுரையையும் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, துண்டையெல்லாம் எடுத்துட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுருங்க. இங்க இருந்தே நான் பாத்துக்கிடுதேன். யாரும் கை வைக்காதீங்க."

எங்குமே கை வைக்கக்கூடாதென்று நாலு பேரும் கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றார்கள். திரையில் அம்புக்குறி தானாக ஓடியது. முந்நூறு கரடிகளைத் தனித்தனியாக நினைவில் ஏற்றாமல், நாலே கரடிகளை ஏற்றி அவற்றையே முந்நூறு இடத்தில் ஆடவைத்தாள் ஜெபசெல்வி. படத்துக்குள் இருக்கும் கேமராவின் பார்வையில் விழாததை எல்லாம் நீக்கினாள். முன்வரிசைக்கு மட்டும் முடி. பின்வரிசைக்கு வழவழவென்ற தோல். காட்சியை மூன்றாகப் பிரித்துத் தனித்தனியே படமாக்கிச் சேர்த்தாள். நாலரை மணிக்குக் கல்யாண ஊர்வலம் ஜாம்ஜாமென்று ஓடியது. கடைசி வரிசையில் ஒரு மொட்டைக் கரடி இடுப்பை வளைத்து ஆடுவதைப் பார்த்து ஞானதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. கை மேலே இருந்ததால் துடைக்க முடியவில்லை.

அந்த நேரம் சேனல்காரர் கூப்பிட்டார். அண்ணாச்சி ஒரு கையை மட்டும் இறக்கிப் போனை எடுத்தார். "படம் ரெடியா சார்? அப்போ சட்டுனு மேல ஏத்திவிட்டுருங்க."

அண்ணாச்சி மறு கையையும் இறக்கினார். "கேட்டீங்கள்லா? தூக்குங்க!"

இசக்கிராஜ் திரையைத் தூக்கினான். ஞானதுரை பெட்டியைத் தூக்கினான். சண்முகவடிவு வயர்களைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். மொட்டைமாடிக்குப் போய் மூச்சிரைக்க நின்றார்கள்.

"ஏத்தியாச்சு ஐயா!"

"இன்னும் வரலையே சார். மணி அஞ்சாகப்போவுது."

"உயரம் காணல" என்றார் அண்ணாச்சி. ஏணி போட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற்றினார்கள். கம்ப்யூட்டர், நாலு பேர், எல்லாம் தொட்டி மேலே. மணி நாலு ஐம்பத்தெட்டு.

"ஆ, வந்துட்டு சார்! பிரமாதம்!" என்றார் சேனல்காரர்.

ஜெபசெல்வி இவர்களை நம்பாமல், படத்தை முன்னமே தன் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து தானே அனுப்பியிருந்தாள். அது இவர்களுக்குத் தெரியாது. தொட்டி மேல் நாலு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"வருஷம் முழுக்க வேலை உங்களுக்குத்தான் சார். அடுத்த படத்துல அறுநூறு கரடி வேணும். இதே மாதிரி நேரத்துக்கு ஏத்திவிட்டுருங்க."

அண்ணாச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். பக்கத்துத் தெருவில் ஒரு செல்போன் டவர் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"அறுநூறுக்கு இந்த உயரம் காணாது. வே இசக்கிராஜ், அந்த டவர் யாருதுன்னு விசாரிச்சிட்டு வா."