வேண்டாம் என்ற சாப்பாடு

"குடும்பம்னு சொல்லிக்கொடுத்தேம்மா. இப்படித் தொழிலாளிங்க எல்லாரும் கம்பெனி கேட்டுக்கு வெளியே போய் உக்காந்துட்டாங்களே!"

மடத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ரங்கதுரை ஆரம்பித்துவிட்டார். பெரிய பனியன் கம்பெனிக்கு மேனேஜர். மடத்தை நடத்தும் யோகாம்பாள் அவரைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் குரு குருதானே.

உலையில் அரிசி போட்டுக்கொண்டே யோகாம்பாள் கேட்டார்: "என்ன சொல்லிக்கொடுத்தீங்க?"

"பயிற்சிம்மா. வாராவாரம். 'நீங்க தொழிலாளிங்க இல்ல, நம்ம வீட்டு ஆளுங்க'ன்னு. கைதட்டக்கூட வச்சோம்."

"தட்டினாங்களா?"

"நல்லாவே தட்டினாங்க."

"அப்புறம்?"

"சூப்பர்வைசர் ஒரு பொண்ணை எல்லார் முன்னாடியும் கேவலமாத் திட்டிட்டான். அவன் மன்னிப்புக் கேக்கணும்னாங்க. பார்க்கலாம்னேன். கேன்டீன் சாப்பாடே வேண்டாம்னுட்டாங்க."

"நீங்க?"

"கேன்டீனைப் பூட்டச் சொன்னேன். அவங்க வீம்புக்கு நாம இறங்கிப் போகக் கூடாதுன்னு எங்களுக்கும் பயிற்சி உண்டும்மா. உடனே எல்லாரும் வெளியே போயிட்டாங்க."

அடேங்கப்பா, பயிற்சிக்கு மட்டும் அங்கே பஞ்சமே இல்லை.

"சாயங்காலத்துக்குள்ள நான் முடிவு சொல்லணும். எல்லாரையும் வேலையை விட்டு நிறுத்திடலாம்கிறார் முதலாளி. இத்தனை வருஷம் கூட இருந்த ஜனம்! என்ன செய்யட்டும்?"

யோகாம்பாள் சோற்றை வடித்தார். ரசத்தை இறக்கினார். இலை போட்டார்.

"சாப்பிட வாங்க."

ரங்கதுரைக்குச் சுருக்கென்றது. நான் என்ன கேட்கிறேன், இவர் என்ன செய்கிறார்!

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலையிலிருந்து மனுஷன் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. ரச வாசனை வேறு.

யோகாம்பாள் இலையை எடுத்தார். சமையற்கட்டைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

ரங்கதுரை பதறி எழுந்தார்.

"என்னம்மா இது! மனசு கஷ்டத்துல ஒருத்தன் வேண்டாம்னு சொன்னா, அப்படியே பூட்டிடுறதா? இன்னொரு தடவை கூப்பிட மாட்டீங்களா?"

யோகாம்பாள் நின்றார். திரும்பி அவரையே பார்த்தார்.

ரங்கதுரைக்கு முகம் சிவந்துவிட்டது. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"கேட்டுக்குத்தாம்மா. அந்தச் சூப்பர்வைசரையும் கூட்டிக்கிட்டு."

யோகாம்பாள் பூட்டைத் திறந்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க."

"இல்லம்மா. அவங்க வந்தா, அவங்களோடவே சாப்பிட்டுக்கறேன்."