வாலப்பன் ஓடவில்லை

அந்தக் காலத்தில் பல்லியின் வாலைப் பிடித்து இழுத்தால் பல்லிதான் வரும். வால் தனியாக வராது. அவ்வளவு கெட்டி. பஞ்ச காலத்துக்கு வேண்டிய கொழுப்பை எல்லாம் பல்லிகள் வாலில்தான் சேர்த்து வைத்திருந்தன. மனிதருக்கு நெல் குதிர் எப்படியோ, பல்லிக்கு வால் அப்படி. நெல் குதிரோடு யாராவது விளையாடுவார்களா? பூவாத்தாள் விளையாடினாள்.

காவிரிக் கரையில் ஒரு பரிசல்துறை. அங்கே துடுப்பும் கயிறும் போட்டு வைக்க மண்சுவர்க் கொட்டகை ஒன்று இருந்தது. சுவரில் மேலும் கீழுமாக ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. அந்த வெடிப்புக்குள் பூவாத்தாள் என்ற பல்லியும் அவள் புருஷன் செங்கோடனும் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் வஞ்சி. இளையவள் பொட்டு, புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரியவள்.

செங்கோடன் நல்லவன். ஆனால் அவனுக்குத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்றுதான்.

"கம்முனு இருங்க. பூச்சி வந்தாலும் கம்முனு இரு, பூனை வந்தாலும் கம்முனு இரு. கம்முனு இருக்கற பல்லி செவுரு மாதிரி. செவுத்த எவனாச்சும் திம்பானா?"

பாடம் சரியானதுதான். ஆனால் எந்தப் பிள்ளை கம்மென்று இருக்கும்? பத்து எண்ணுவதற்குள் வஞ்சி கால் மாற்றுவாள், பொட்டு வெளியே எட்டிப் பார்ப்பாள். செங்கோடனுக்கு உயிர் போய் உயிர் வரும்.

ஒருநாள் பூவாத்தாள் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாலை மட்டும் தூக்கி நிறுத்தினாள். "இவன் பேரு வாலப்பன்" என்றாள். பிறகு குரலைத் தடிக்க வைத்துக்கொண்டு, "நான் ஆருன்னு தெரியுமா? பொறந்ததுல இருந்து ஒருத்தனுக்கும் பயந்து ஓடுனதில்லையாக்கும்!" என்று வாலை முறுக்கினாள். அடுத்த நொடி ஒரு காய்ந்த இலை விழுந்தது. வாலப்பன் அலறி ஓடினான். பிள்ளைகள் சிரித்துச் சுவரிலிருந்து விழப் பார்த்தார்கள்.

அதிலிருந்து தினம் வாலப்பன் வருவான், வீம்பு பேசுவான், ஓடுவான். எறும்புக்கு ஓடினான், சேவலுக்கு ஓடினான், தன் நிழலுக்கே ஓடினான். எறும்புப் புற்றில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பதை வஞ்சி வாலப்பன் பட்ட அடியில்தான் கற்றாள். எந்தப் பூச்சி கசக்கும் என்பது பொட்டுக்கு அவன் துப்பிய துப்பலில் தெரிந்தது. பல்லிக்கு இமை கிடையாது. இருந்திருந்தாலும் கதை நடக்கும்போது அந்தப் பிள்ளைகள் இமைத்திருக்க மாட்டார்கள். நம் பிள்ளைகள் கதைக்கு 'உம்' கொட்டுவதைப் போல, அவர்கள் 'ச்சு ச்சு' என்று கொட்டுவார்கள். 'அப்பறம்?' என்று அர்த்தம்.

செங்கோடன்தான் முணுமுணுப்பான். "சேத்து வெக்கற வால இப்படிப் போட்டு ஆட்டுனா ஒரு நாளைக்குப் பூட்டுக் கழண்டு போயிரும், பாத்துக்க."

"கழண்டா கழளட்டுமுங்க" என்பாள் பூவாத்தாள். உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான். சில நாட்களாக வாலை வேகமாகச் சுழற்றினால், அது உடம்போடு சேரும் அடிப்பூட்டில் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதை அவள் புருஷனிடம் சொல்லவில்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஆறு கரை மீறிக் கொட்டகைக்குள் புகுந்தது. பரிசல்காரர்கள் பரிசலைக் கவிழ்த்து, விட்டத்தில் இருந்த இரும்புக் கொக்கியில் மாட்டிவிட்டு மேட்டுக்குப் போய்விட்டார்கள். வெள்ளத்தோடு ஒரு மரக்கிளை மிதந்து வந்து சுவரில் முட்டியது. கிளையில் ஒரு பாம்பு இருந்தது. விரல் பருமன்தான், ஆனால் பல்லி தின்றே வளர்ந்த பாம்பு. அது சுவரில் ஏறி, வெடிப்புக்கு நேர் கீழே துடுப்பு மாட்டுகிற மர முளையில் சுருண்டு படுத்தது.

தலையை வெடிப்பில் வைத்துப் பார்த்தது. நுழையவில்லை. ஒரு நெல்லின் அகலம்தான் பாக்கி.

"உள்ள ஆருங்க? குடும்பமா இருக்கறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டது. "நான் ஒண்ணும் அவசரப்படலீங்க. மழ உடட்டும், மெதுவா வாங்க."

செங்கோடன் கண்ணைக் காட்டினான். யாரும் மூச்சு விடவில்லை.

முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று. பெரியவர்கள் வாலில் சேர்த்ததைக் கொண்டு தாங்கினார்கள். பிள்ளைகளின் வாலில் என்ன இருக்கும்? பசியில் பொட்டு சிணுங்கத் தொடங்கினாள். சிணுங்கினால் வெளியே எட்டிப் பார்ப்பாள். எட்டிப் பார்த்தால் தீர்ந்தது. பூவாத்தாள் வெடிப்பின் ஆழத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து, மூச்சுக் காற்றில் கதை சொன்னாள். வாலப்பன் வெள்ளத்தில் பரிசல் ஓட்டினான். "ச்சு ச்சு" என்றாள் பொட்டு.

"சத்தம் போடாத கண்ணு. பாம்புச் செவி" என்று செங்கோடன் பதறினான். ஆனால் கதையை நிறுத்தச் சொல்லவில்லை. அவன் இத்தனை நாள் கற்றுக்கொடுத்தும் கம்மென்று இராத பிள்ளைகள், கதை கேட்டுக் கம்மென்று இருந்தார்கள்.

நான்காம் நாள் மத்தியானம் 'பொத்' என்று ஒரு சத்தம். வெடிப்பின் கீழ் உதட்டிலிருந்து ஒரு மண்கட்டி தண்ணீரில் விழுந்தது. சுவர் ஊறிக் கரைகிறது! பாம்பு மறுபடி தலையை வைத்துப் பார்த்தது. இந்த முறை கண்வரைக்கும் உள்ளே வந்தது. அதன் நாக்கு வஞ்சியின் காலுக்குப் பக்கத்தில் துழாவியது. பிறகு மெல்லப் பின்வாங்கிக்கொண்டது.

"இன்னும் ஒரு கட்டி உளுந்தாப் போதுமுங்க" என்றது பாம்பு. "பொழுது சாயறதுக்குள்ள உளுந்துரும்."

செங்கோடன் நடுங்கியபடியே சொன்னான். "பூவாத்தா, நான் வெளிய போறேன். அது என்னயப் புடிச்சு முழுங்கறதுக்குள்ள நீ புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் பரிசலுக்குப் போயிரு. அந்தக் கொக்கி வழவழன்னு இருக்கு, பாம்புக்குப் புடி கெடைக்காது."

பயந்தாங்கொள்ளி என்று தான் நினைத்திருந்த புருஷனைப் பூவாத்தாள் பார்த்தாள்.

"நீங்க போனா ஒரே வாயி. அதோட திரும்பி எங்களப் பாக்குமுங்க" என்றாள். சற்று யோசித்தாள். "ஏனுங்க, நான் கதை சொல்றப்ப புள்ளைக எங்க பாப்பாங்க?"

"வாலத்தான் பாப்பாங்க."

"என்னயப் பாப்பாங்களா?"

"நீ இருக்கறதே மறந்துருமே."

"அந்தப் பாம்பும் மறக்குமுங்க. நீங்க புள்ளைகளோட வெடிப்புக்கு மேல் சந்துல வெளிய போயிருங்க. செவுரு ஏறி, விட்டத்துல தலகீழா ஓடி, கொக்கி வழியாப் பரிசலுக்குப் போயிரோணும். நான் கீழ் சந்துல ஆட்டம் காட்டறேன்."

"பூவாத்தா..."

"நேரமில்லீங்க. கண்ணுகளா, அப்பன் பொறகால போகோணும். ஒருத்தரும் திரும்பிப் பாக்கக் கூடாது."

வெடிப்பின் கீழ்ப்பக்கம் வந்து, தலையை உள்ளே வைத்துக்கொண்டு, அவள் வாலை மட்டும் வெளியே நீட்டினாள். பாம்பின் மூக்குக்கு நாலு விரல் தூரம்.

"நான் ஆருன்னு தெரியுமா?" என்றது தடித்த குரல். "பொறந்ததுல இருந்து ஒருத்தனுக்கும் பயந்து ஓடுனதில்லையாக்கும்!"

பாம்பு தலையைத் தூக்கியது. இப்படி ஒன்றை அது பார்த்ததே இல்லை. அது அறிந்த பல்லிகள் எல்லாம் ஒன்று அசையாமல் நிற்கும், இல்லை ஓடும். வாலப்பன் மீசை முறுக்கினான், தொடை தட்டினான், வெள்ளத்தைப் பார்த்துச் சவால் விட்டான். பாம்பின் தலை அவன் போகிற பக்கமெல்லாம் போனது.

மேல் சந்தில் செங்கோடன் வெளியே வந்தான். பின்னால் வஞ்சி, அவள் பின்னால் பொட்டு. சுவரில் ஏறினார்கள். விட்டத்தைத் தொட்டார்கள். பாம்பின் தலைக்கு நேர் மேலே மூன்று உயிர்கள் தலைகீழாக நகர்ந்தன.

கீழே வாலப்பன் கத்தினான். "இன்னிக்கு என் எதுக்க ஒரு பாம்பு நிக்குது. நான் என்ன பண்ணப் போறேன் தெரியுமா?"

சொல்லிவிட்டு, பூவாத்தாள் எப்போதும் செய்வது போல அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள். பழக்க தோஷம்.

விட்டத்திலிருந்து, "ச்சு ச்சு" என்றாள் பொட்டு.

பாம்பு சட்டென்று மேலே நிமிர்ந்தது. வெண்மையாய் மூன்று வயிறுகள். கடைசி வயிறு மிகவும் சின்னது, வாய்க்கு எட்டுகிற தூரத்தில். பாம்பு கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக் குறி வைத்தது. செங்கோடன் திரும்பினான், அவனும் பொட்டுவும் ஒரு சேர உறைந்து நின்றார்கள்.

பூவாத்தாளுக்கு யோசிக்க நேரமில்லை. வாலை முழு வீச்சில் சுழற்றிப் பாம்பின் மூக்கில் ஓங்கி அறைந்தாள்.

"ஓட மாட்டேன்!" என்று கத்தினான் வாலப்பன்.

பாம்பு ஆத்திரத்தில் திரும்பி வாலைக் கவ்வியது. கவ்வி இழுத்தது. பூவாத்தாளின் நகங்கள் ஈர மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வந்தன. பின்னங்கால்கள் வெளியே வந்துவிட்டன. இன்னும் ஒரு இழுப்பு. அப்போதுதான் அடிப்பூட்டில் அந்தச் சத்தம் கேட்டது. 'நறுக்'. எத்தனையோ நாள் ஆட்டி ஆட்டித் தளர்ந்த பூட்டு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தானே முறுக்கி உடைத்தாள்.

சேர்த்து வைத்த அத்தனையும் அந்த வாலில் போனது. அவள் மேல் சந்து வழியாக வெளியே பாய்ந்து விட்டத்துக்கு ஓடினாள்.

வால் அடங்கவில்லை. கதை பாதியில் நிற்கிறதே! பாம்பின் வாயிலிருந்தபடியே துள்ளியது, சுழன்றது, அதன் இரண்டு கண்ணிலும் மாறி மாறி அறைந்தது. முழுப் பல்லியையும் பிடித்துவிட்டோம் என்று நினைத்த பாம்பு, விடவும் மனமில்லாமல் விழுங்கவும் முடியாமல் முளையில் கிடந்து புரண்டது. ஒரு வழியாக விழுங்கி நிமிர்ந்தபோது நாலு பல்லிகளும் பரிசலின் மூங்கில் பின்னலுக்குள் இருந்தன. பாம்பு விட்டம் வரை வந்து கொக்கியில் இரண்டு முறை வழுக்கியது. வெள்ளம் வடியத் தொடங்கியதும் வந்த வழியே போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் கெட்ட நாட்கள் வந்தன. வால் இல்லாத பூவாத்தாள் எலும்பும் தோலுமாகப் பரிசல் விளிம்பில் ஒட்டிக்கிடந்தாள். செங்கோடன் பிடித்துவரும் கொசுவை மட்டும் தின்றாள். அதைவிடக் கொடுமை, பொட்டு வாயே திறக்கவில்லை. தான் போட்ட சத்தத்தால்தான் அம்மாவின் வால் போனது என்று அந்தச் சின்னது முடிவு கட்டிவிட்டது. ஒரு பூச்சி பக்கத்தில் வந்தாலும் அசையாமல் கிடந்தாள். செங்கோடன் ஆசைப்பட்ட மாதிரியே பிள்ளை கம்மென்று இருந்தது. அதைப் பார்க்க அவனால் முடியவில்லை.

வால் போன நாலாம் நாள் காலையில் அவன் பொட்டு முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றான். வாழ்நாளில் ஒரு தடவைகூட ஆட்டாத தன் கொழுத்த வாலைத் தூக்கினான். அது விறகுக் கட்டை போல நின்றது.

"நான்... நான் ஆருன்னு தெரியுமா?" என்றான். குரல் கீச்சென்று வந்தது. வஞ்சிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "வாலப்பன் பாம்பு வயித்துக்குள்ள போனானா... போயி... பாம்பப் பாத்து, நான் உன் வயித்துல தங்கறதுக்கு வரல, உன்னயக் கூட்டிக்கிட்டு ஊர உட்டுப் போறதுக்கு வந்தேன்னானாம். பாம்பு பயந்து ஆத்தோட ஓடிருச்சாமா. வாலப்பன்..."

அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை. வாலைத் தூக்கியபடியே நின்றான். பொட்டு அசையவில்லை.

பரிசல் விளிம்பிலிருந்து மெல்லிய சத்தம் கேட்டது.

"ச்சு ச்சு."

உம் கொட்டியது பூவாத்தாள். இத்தனை நாள் கதை சொன்னவள், முதல் தடவையாகக் கதை கேட்டாள். பொட்டு அம்மாவைப் பார்த்தாள், அப்பனின் வாலைப் பார்த்தாள். பிறகு அவளும் சொன்னாள், "ச்சு ச்சு."

செங்கோடன் அழுதுகொண்டே வாலை ஆட்டினான்.

பூவாத்தாளுக்குப் பிறகு வேறொரு வால் முளைத்தது. பழைய வரிகள் இல்லாத மொட்டை வால். பிள்ளைகள் அவனுக்கு வாலப்பனின் தம்பி என்று பெயர் வைத்தார்கள். வஞ்சியும் பொட்டுவும் தங்கள் குஞ்சுகளுக்கு ஆட்டிக் காட்டினார்கள், அந்தக் குஞ்சுகள் தங்கள் குஞ்சுகளுக்கு. பல்லிக் குலத்தில் எல்லா வாலின் பூட்டும் தளர்ந்தது.

நம்மவர்கள் பல்லி கத்தினால் பலன் பார்க்கிறார்கள், 'உண்மை' என்று தரையைத் தட்டுகிறார்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி என்று கேலி பேசுவதும் அவர்களேதான். வரப்போவது அதற்குத் தெரிந்தால் பானையில் ஏன் விழுகிறது? அது சொல்வது சகுனமே இல்லை. அந்த அடைமழை நாள் முதல்தான் பல்லியின் வால் அறுந்த பிறகும் தன் கதையை ஆடி முடிக்கிறது. நாம் வீட்டில் உட்கார்ந்து பேசும்போது சுவரிலிருந்து 'ச்சு ச்சு' என்று வந்தால், யாரோ ஒரு பொட்டு 'அப்பறம்?' என்று கேட்கிறாள்.