மரத்தை வணங்காத சாட்சி

ஒரு காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் பெரிய மருதமரம் ஒன்று நின்றது. காட்டுக்கோழிகளும் மயில்களும் குரங்குகளும் அந்த மரத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கும். மான்கள் நிலாவை வணங்கின. முயல்களுக்குக் கிழக்கே இருந்த மொட்டைப் பாறைதான் தெய்வம். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி என்பது அந்தக் காட்டின் சட்டம்.

ஆனால் சுழியன் என்ற நீர்நாய் எந்தச் சாமியையும் கும்பிடுவதில்லை.

"ஏன் கும்பிடவில்லை?" என்று குரங்குகள் கேட்டன.

"எனக்கு அப்படி ஒன்று இருப்பதாகத் தோன்றவில்லையே!" என்றான் சுழியன், மீனை மென்றுகொண்டே.

அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. சாமி கும்பிடாதவன் குளத்தின் தெளிந்த பக்கத்தில் இறங்கக் கூடாது, சேற்றுப் பக்கத்தில்தான் மீன் பிடிக்க வேண்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். சபையில் அவன் சாட்சியும் சொல்ல முடியாது. சாட்சி சொல்பவர் தம் தெய்வத்தின் மேல் சத்தியம் செய்ய வேண்டும் என்பது விதி. தெய்வமே இல்லாதவன் எதன் மேல் சத்தியம் செய்வான்?

சுழியன் சண்டை போடவில்லை. சேற்றுப் பக்கம் வற்றிப்போனால் ஆற்றுக்குப் போய் மீன் பிடித்துக்கொண்டான்.

குளத்துக்கு அருகே அடர்ந்த முள்புதர் ஒன்று இருந்தது. அதில் ஒரு காட்டுச்சேவல் தன் இரண்டு பெட்டைகளோடு குடியிருந்தது. மூத்தவள் பெயர் கொன்றை. இளையவள் பெயர் தும்பை. கொன்றையின் குஞ்சுகள் இரை பொறுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. தும்பை முட்டைகளின் மேல் அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் வானத்தில் ஒரு கழுகு வட்டமிட்டது. குஞ்சுகள் வெட்டவெளியில் இருந்தன. சேவல் பாய்ந்து வந்து குஞ்சுகளைப் புதருக்குள் விரட்டியது. கடைசிக் குஞ்சு உள்ளே நுழைந்த அதே நொடியில் கழுகு சேவலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இரண்டு பெட்டைகளும் அன்று ஒன்றும் தின்னவில்லை. ஒருத்தி கழுத்தின் மேல் ஒருத்தி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

இதையெல்லாம் தூரத்தில் இருந்து ஒரு உடும்பு பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முட்டை என்றால் உயிர். ஆனால் புதரின் முள் அதன் வயிற்றைக் கிழித்துவிடும். "அந்த இளையவளையும் அவள் முட்டைகளையும் வெளியே கொண்டுவந்துவிட்டால் போதும்!" என்று அது நாக்கை நீட்டி நீட்டி யோசித்தது. ஒரு வழியும் கண்டுபிடித்தது.

போன மழைக்காலத்தில் சபை ஒரு சட்டம் போட்டிருந்தது. ஓர் ஆணுக்கு ஒரு துணைதான் என்பது அந்தச் சட்டம். அது வீணாக வந்த சட்டம் அல்ல. ஒரு மயில் பெட்டைமேல் பெட்டையாகச் சேர்த்துக்கொண்டு, முட்டையிட்ட பிறகு எல்லாரையும் கைவிட்டுவிட்டது. அந்தத் தாய்கள் குஞ்சுகளோடு பட்டினி கிடந்து சபையில் வந்து அழுதார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. வீட்டுக்காரன் இறந்தால் துணைக்கும் குஞ்சுகளுக்கும் அவன் இடம் சேரும் என்றும் அதே சட்டம் சொன்னது.

உடும்பு நேராகச் சபைத் தலைவியிடம் போனது. தலைவி ஒரு காட்டெருமை. மூர்க்கமான கொம்பு, நிதானமான மனம்.

"தாயே! சட்டம் மீறப்படுகிறது! என் நெஞ்சு பொறுக்கவில்லை!" என்றது உடும்பு.

"என்ன நடந்தது?"

"சேவலுக்கு ஒரு துணைதானே இருக்க வேண்டும்? தும்பை இரண்டாவதாக வந்தவள். அவளுக்கு அந்தப் புதரில் என்ன உரிமை? அவளும் அவள் முட்டைகளும் வெளியே போக வேண்டும், தாயே!"

தலைவி மருதமரத்தடியில் சபையைக் கூட்டினாள். தும்பை முட்டைகளை விட்டு வர முடியாது என்பதால் கொன்றை மட்டும் வந்தாள்.

"அம்மா, சட்டம் வந்தது மழைக்காலத்தில். தும்பை அதற்கு முந்திய கோடையிலேயே வந்துவிட்டாள். ஆற்றுக்கு அக்கரையில் மலை எரிந்ததே, அப்போது வந்தவள்" என்றாள் கொன்றை.

தலைவியின் முகம் தெளிந்தது. "சட்டத்துக்கு முன்னால் வந்தவள் என்றால் அவளைச் சட்டம் தொடாது. யார் பார்த்தார்கள்?"

உடும்பு குறுக்கே பாய்ந்தது. மருதமரத்தின் வேரில் தலையை வைத்துக் கும்பிட்டது. கண்ணில் நீர்கூட வந்தது. "இந்த மரத்தின் மேல் சத்தியம்! நான் பார்த்தேன். மழை விட்ட பிறகு ஒரு காலையில் அவள் ஆற்றின் மேல் பறந்து வந்தாள். கொழுகொழுவென்று வந்தாள். சட்டம் வந்த பிறகுதான் வந்தாள்!"

"பொய்!" என்று கத்தினாள் கொன்றை.

"நீ இந்த வழக்கில் சேர்ந்தவள். நீ சாட்சி ஆக முடியாது" என்றாள் தலைவி வருத்தத்தோடு. "வேறு யாராவது பார்த்தார்களா?"

கொன்றை வாய் திறக்கத் தயங்கினாள். பார்த்தவன் ஒருவன்தான். அவன் சுழியன். அவன் சேற்றுப் பக்கம் போவதைக் கண்டு அவளே எத்தனையோ முறை முகத்தைத் திருப்பியிருக்கிறாள். தன் குஞ்சுகளை அவன் பக்கம் போகக் கூடாது என்று கொத்தியிருக்கிறாள்.

ஆனால் புதருக்குள் முட்டைகள் இருந்தன.

"சுழியண்ணன் பார்த்தார்" என்றாள்.

சபையில் சிரிப்பு எழுந்தது. உடும்பு எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது. "சாமி பயம் இல்லாதவன் பொய் சொன்னால் அவனை எது தண்டிக்கும்? அவன் வாய்க்குக் கட்டுப்பாடே கிடையாதே, தாயே!"

சுழியனை அழைத்து வந்தார்கள். ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றான். நடந்ததைக் கேட்டதும், "ஆமாம், நான் பார்த்தேன். சொல்லத் தயார்" என்றான்.

"விதி உனக்குத் தெரியும். சத்தியம் செய்யாமல் நீ பேச முடியாது" என்றாள் தலைவி. "ஒன்று செய். மரத்தை ஒரு தடவை கும்பிடு. அது போதும். உன் சாட்சியை ஏற்கிறேன். இன்று முதல் நீ தெளிந்த பக்கத்திலும் இறங்கலாம்."

கொன்றை அவன் காலடியில் வந்து நின்றாள். "அண்ணா, ஒரே ஒரு தடவை! மனசுக்குள் என்ன இருந்தாலும் சரி. தலையை மட்டும் குனியுங்கள்! அந்த முட்டைகளுக்காக!"

சுழியன் மரத்தைப் பார்த்தான். கொன்றையைப் பார்த்தான். தெளிந்த தண்ணீரையும் ஒரு முறை பார்த்தான். அங்கே கெளுத்தி மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"கொன்றை, உன் வேதனை எனக்குப் புரிகிறது" என்றான். "அந்த மரத்தை நீ கும்பிடும்போது அது உண்மை. உன் மனம் குனிகிறது, தலையும் குனிகிறது. நான் குனிந்தால் தலை மட்டும்தான் குனியும். அது பொய். பொய்யில் ஆரம்பித்துவிட்டு, அடுத்து நான் சொல்வது உண்மை என்று இவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? உனக்காக நான் பேசுவதானால் சுத்தமான வாயோடுதான் பேச வேண்டும்."

கொன்றைக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயோ, எல்லாம் கெட்டது!" என்று மண்ணில் உட்கார்ந்தாள்.

ஆனால் தலைவி சபையைப் பார்த்துச் சொன்னாள்: "சத்தியம் எதற்கு வாங்குகிறோம்? பொய் சொல்லக் கூடாது என்பதற்காக. இவனுக்குத் தெளிந்த தண்ணீர் தருகிறேன் என்றேன். ஒரு சின்னப் பொய்தான் விலை. இவன் அதைச் சொல்லவில்லை. இதைவிட வேறு சத்தியம் எனக்கு வேண்டாம். பேசு, சுழியா!"

சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அந்தக் கோடையில் சேற்றுப் பக்கம் வற்றிவிட்டது" என்று சுழியன் ஆரம்பித்தான். "அதனால் நான் ஆற்றில் இருந்தேன். அக்கரையில் மலை எரிந்தது. சேவல் அங்கே மேயப் போயிருந்தது. புகைக்குள்ளே இருந்து தும்பையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தது. அவளுடைய ஒரு இறக்கை கருகித் தொங்கியது. பறக்க முடியவில்லை. தீ கரைக்கு வந்துவிட்டது. நான்தான் அவளை முதுகில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவந்தேன். பயத்தில் என் காதைக் கவ்விக்கொண்டே வந்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது."

தலைவி உடும்பின் பக்கம் திரும்பினாள். "அவள் ஆற்றின் மேல் பறந்து வந்தாள் என்றாயே?"

"ஆ... ஆமாம், தாயே! பறந்துதான் வந்தாள்!"

எல்லாரும் முள்புதருக்குப் போனார்கள். தலைவி வெளியே நின்று, "தும்பை, உன் இறக்கைகளை விரித்துக் காட்டு, அம்மா" என்றாள்.

தும்பை முட்டைகளின் மேலிருந்து எழாமலே இறக்கைகளை விரித்தாள். ஒன்று விசிறிபோல விரிந்தது. மற்றொன்று பாதியில் நின்றுவிட்டது. சிறகு முளைக்காத தோல் சுருங்கி, வெந்துபோன தடத்தோடு இருந்தது. இந்தக் காட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பறந்ததை யாருமே பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது.

"உடும்பே!" என்று தலைவி கொம்பைத் தாழ்த்தினாள்.

உடும்பு அங்கே நிற்கவில்லை. ஓடிய ஓட்டத்தில் வால் ஒரு முள்ளில் மாட்டிக் கிழிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அது தலைகாட்டவே இல்லை.

அப்போது பெட்டைகளைக் கைவிட்ட அந்த மயில் தோகையைச் சிலுப்பிக்கொண்டு முன்னால் வந்தது. "அப்படியானால் இரண்டு துணை சரி என்று ஆகிவிட்டதே! எங்கள் மருதமரத்துச் சாமி எங்களுக்கு எத்தனை துணை வேண்டுமானாலும் அனுமதிக்கிறது. என் சாமி விஷயத்தில் சபை தலையிடலாமா?"

தலைவி கொன்றையின் பக்கம் திரும்பினாள். "கொன்றை, உன்னை ஒன்று கேட்கிறேன். தும்பை வந்தபோது நீ சம்மதித்தாயா?" என்று கேட்டாள்.

கொன்றை தலையைக் குனிந்தாள். "என்னை யாரும் கேட்கவில்லை, அம்மா. கொண்டுவந்து நிறுத்தினார், அவ்வளவுதான். எனக்கு வலித்தது. அவளோடு பேசாமல் இருந்தேன். பிறகு அந்த இறக்கையைப் பார்த்தேன். எனக்குத் தப்பு செய்தது அவள் இல்லை. அந்த முட்டைகளும் இல்லை. அன்றைக்கு என்னைக் காப்பாற்ற ஒரு சட்டம் இருந்திருக்கலாம். இன்றைக்கு என் பெயரைச் சொல்லி இவளைத் துரத்தினால், அது எனக்குச் செய்யும் நியாயமா?"

"அக்கா!" என்று புதருக்குள் இருந்து தும்பையின் குரல் கேட்டது.

தலைவி மயிலைப் பார்த்தாள். "கேட்டாயா? மரத்தை எப்படி வேண்டுமானாலும் கும்பிடு. எத்தனை முறை வேண்டுமானாலும் கும்பிடு. அதை யாரும் தடுக்க மாட்டோம். ஆனால் பட்டினி கிடந்த உன் பெட்டைகளும் குஞ்சுகளும் உன் கும்பிடு அல்ல. அவர்கள் தனி உயிர்கள். ஓர் ஆணுக்கு ஒரு துணை என்ற சட்டம் அப்படியே இருக்கும். மரத்தைக் கும்பிடுகிறவனுக்கும், நிலாவைக் கும்பிடுகிறவனுக்கும், எதையும் கும்பிடாதவனுக்கும் ஒரே சட்டம். ஆனால் முன்பே சேர்ந்து வாழ்ந்த எந்தத் தாயையும் எந்த முட்டையையும் அந்தச் சட்டத்தைக் காட்டி யாரும் வெளியே தள்ளக் கூடாது. உன் பழைய பெட்டைகளுக்கும் நீ இரை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எல்லாருக்கும்!"

மயிலின் தோகை சட்டென்று மடங்கியது. பின்னால் நின்ற பெண்மயில்கள் கழுத்தை நீட்டி அகவின.

"இன்னொன்று" என்றாள் தலைவி. "இனிச் சாட்சி சொல்பவர் விரும்பினால் தன் தெய்வத்தின் மேல் சத்தியம் செய்யட்டும். தெய்வம் இல்லாதவர் தன் சொல்லின் மேல் உறுதி சொன்னால் போதும். இரண்டுக்கும் ஒரே மதிப்பு. குளத்திலும் இனிமேல் பக்கம் கிடையாது. தாகம் எல்லாருக்கும் ஒன்றுதான்."

கொஞ்ச நாளில் தும்பையின் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகளுக்குக் கால் ஊன்றியதும் இரண்டு தாய்களும் அவற்றைக் குளத்துக்குக் கூட்டிவந்தார்கள். கொன்றை வழக்கம்போல மருதமரத்தின் முன் நின்று நெடுநேரம் கும்பிட்டாள். பிறகு நேராகக் கரைக்குப் போனாள். தெளிந்த தண்ணீரில் சுழியன் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தான்.

"சுழியண்ணா, சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு வருகிறேன். உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் அந்த நன்றி பாதி நன்றிதான். இத்தனை நாள் உங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பியிருக்கிறேன். நீங்கள் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை."

"திருப்பினது தெரியும்" என்று சிரித்தான் சுழியன். "அதற்காகக் குஞ்சுகளைப் பலி கொடுக்க முடியுமா?"

"உங்களுக்காகவும் மரத்திடம் வேண்டிக்கொண்டேன். கோபம் இல்லையே?"

"கோபம் எதற்கு? எனக்காக ஒருத்தி நல்லது நினைக்கிறாள் என்றால் அது நல்ல விஷயம்தானே!"

தும்பை சுழியனின் காதோரத் தழும்பை மெல்ல அலகால் தடவினாள். பிறகு குஞ்சுகளை ஒவ்வொன்றாக முன்னால் தள்ளி, "இவர்தான் மாமா. இவருக்கு நன்றி சொல்லுங்கள்!" என்றாள். குஞ்சுகள் கீச்சுக்கீச்சென்று கத்தின. அதில் ஒன்று தவறித் தண்ணீரில் விழ, சுழியன் அதை மூக்கால் தூக்கிக் கரையில் விட்டான். எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்தார்கள்.

ஒருவர் எதை வணங்குகிறார், வணங்குகிறாரா இல்லையா என்று பாராமல், யாருக்குத் துன்பம் நேர்கிறது என்று பார்த்து எல்லாரையும் சமமாகக் காப்பதே நீதி. அந்த நீதிக்குத் துணை நின்றவர் யாராக இருந்தாலும் அவரை நன்றியோடு நினைப்பதே நல்லோர் பண்பு.